கவிதையைச் சுவரிலிருந்து அழித்த பெர்லின் கல்லூரி: ஆறு சொல்லுக்கு ஏன் இவ்வளவு சண்டை?

புத்தகத்தில் இருக்கும் கவிதை பிடிக்கவில்லை என்றால் மூடி வைத்துவிடலாம். செல்போனில் வந்தால் தள்ளிவிட்டுப் போய்விடலாம். ஆனால், நீங்கள் தினமும் கடந்து போகும் ஒரு கட்டடத்தின் சுவரில், தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி பெரிய எழுத்தில் அதே கவிதை இருந்தால்? பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் படித்துத்தான் ஆக வேண்டும், இல்லையா?

இந்தச் சின்ன வித்தியாசம்தான் ஜெர்மனியில் மாணவர்கள், கவிஞர்கள், அமைச்சர் என எல்லோரையும் ஒரு சண்டைக்குள் இழுத்துவிட்டது. சுவரோவியமும் சுவர்க்கவிதையும் பல நாடுகளில் ஊர்க்காரர்கள் சேர்ந்து செய்கிற வேலையாக மாறிவரும் நேரத்தில், அந்தச் சண்டையைப் புரிந்துகொள்வது நமக்கும் உதவும்.

என்ன நடந்தது?

பெர்லினின் கிழக்குப் பகுதியான ஹெல்லர்ஸ்டார்ஃபில் அலிஸ் சாலமன் கல்லூரி இருக்கிறது. சமூகப்பணி, நலவாழ்வு, குழந்தைக் கல்வி ஆகிய படிப்புகளுக்கான உயர்கல்வி நிறுவனம். 1908-ல் பெர்லினில் பெண்களுக்காக சமூகப்பணிப் பள்ளி தொடங்கியவர் அலிஸ் சாலமன். யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் நாஜி ஆட்சியில் நாட்டை விட்டே விரட்டப்பட்டார். அவர் பெயரில்தான் கல்லூரி.

இந்தக் கல்லூரி கவிஞர்களுக்கு ஒரு விருதும் கொடுக்கிறது. 2011-ல் அந்த விருதைப் பெற்றவர் ஓய்கன் கோம்ரிங்கர். பொலிவியாவில் பிறந்து, சுவிட்சர்லாந்தில் வளர்ந்தவர். 1951-ல் அவர் ஸ்பானிஷ் மொழியில் எழுதிய 'அவெனிதாஸ்' என்ற கவிதையைக் கல்லூரி தன் தெற்குச் சுவரில் பெரிதாக எழுதி வைத்தது.

ஐந்து வருஷம் சத்தமே இல்லை. 2016-ல் மாணவர் அமைப்பு ஒரு திறந்த மடல் எழுதியது. அங்கிருந்துதான் பிரச்னை ஆரம்பம்.

கவிதையில் அப்படி என்ன இருக்கிறது?

ஒரு கெட்ட வார்த்தைகூடக் கிடையாது. மொத்தமே ஆறு சொற்கள்தான். வீதிகள், பூக்கள், பெண்கள் ஆகிய மூன்றும் இடம் மாறி மாறி வரும். கடைசியில், இதையெல்லாம் ரசிக்கிற ஒருவர் வருவார். அவ்வளவுதான்.

இதில் வினைச்சொல்லே கிடையாது. யாரும் நடப்பதில்லை, பேசுவதில்லை, எதுவும் செய்வதில்லை. சொற்களைச் செங்கல் மாதிரி அடுக்கி, மீதியை வாசகரிடம் விட்டுவிடுவது இந்த வகைக் கவிதையின் பாணி. 'கான்கிரீட் கவிதை' என்று சொல்வார்கள். கோம்ரிங்கர் அதன் முன்னோடிகளில் ஒருவர்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கடைசியில் வருகிற அந்த ஆளைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்? 'ரசிகர்' என்றால் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். 'ரசிகன்' என்றால் ஆண் மட்டும்தான். ஸ்பானிஷில் இருப்பது ஆண்பால் சொல். நம் மொழியில் ஓர் எழுத்தில் தெரிகிற இந்த வித்தியாசத்தில்தான் மொத்தச் சண்டையும் இருக்கிறது.

மாணவர்கள் சொன்னது என்ன?

அவர்கள் வாதம் இரண்டு பகுதி. முதலாவது, வீதி, பூ என்ற பட்டியலில் பெண்ணும் பார்த்து ரசிக்க வேண்டிய ஒரு பொருளாக வருகிறாள். பார்க்கிறவன் மட்டும் ஆண். பெண் அழகாக இருப்பாள், ஆண் படைப்பான் என்ற பழைய கலை மரபின் தொடர்ச்சி இது.

இரண்டாவது, இடம். சுவருக்குப் பக்கத்திலேயே ஒரு சதுக்கமும் மெட்ரோ ஸ்டேஷனும் இருக்கின்றன. இருட்டிய பிறகு அந்த வழியாகப் போகும்போது பெண்களுக்குச் சங்கடமாக இருக்கிறது என்று மடலில் சொல்லியிருந்தார்கள். வெறித்துப் பார்க்கிறவர்களைத் தாண்டி நடந்து வந்து நிமிர்ந்தால், பெண்களைப் பார்த்து ரசிப்பதைப் பற்றிய கவிதை. கவிதை இதை உருவாக்கவில்லை, ஆனால் ஞாபகப்படுத்துகிறது என்பதுதான் அவர்கள் குறை.

புத்தகத்தைத் தடை செய்யுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. எங்கள் சுவரில் வேண்டாம் என்றுதான் கேட்டார்கள்.

எதிர்த்தவர்கள் என்ன சொன்னார்கள்?

இது கலைச் சுதந்திரத்தில் கை வைப்பது என்றார் கோம்ரிங்கர். ஜெர்மனியின் எழுத்தாளர் அமைப்பான பென் கண்டித்தது. அப்போதைய கலாசாரத் துறை அமைச்சர் மோனிகா க்ரூட்டர்ஸ் இதைக் கலாசாரக் காட்டுமிராண்டித்தனம் என்ற அளவுக்குப் போனார். இன்று ஒருவருக்கு உறுத்துகிறது என்று அழித்தால், நாளை எந்தக் கவிதை மிஞ்சும் என்பது அவர்கள் கேள்வி. நாஜி காலத்தில் புத்தகங்களை எரித்த நாடு என்பதால், 'அழிப்பது' என்ற வார்த்தைக்கே அங்கே கனம் அதிகம்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் சண்டை இவ்வளவு நீண்டது.

கடைசியில் என்ன முடிவு?

2018 ஜனவரியில் கல்லூரியின் கல்விப் பேரவை முடிவெடுத்தது. சுவரைப் புதுப்பிக்கும்போது பழைய கவிதை போகும். 2017-ல் அதே விருதைப் பெற்ற பார்பரா கோலரின் கவிதை வரும். பழைய கவிதையையும் நடந்த விவாதத்தையும் சொல்கிற ஒரு பலகை அங்கேயே இருக்கும். அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் மாற்றமும் நடந்தது.

பெரும்பாலான செய்திகள் 'கவிதை அழிப்பு' என்பதோடு நின்றுவிட்டன. ஆனால் முக்கியமான விஷயம் அதே முடிவில்தான் இருந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை சுவரில் கவிதை மாறும். எந்தக் கவிதையும் நிரந்தரம் இல்லை, எதுவும் தண்டனையாக அழிக்கப்படுவதும் இல்லை. 2011-லேயே இந்த விதி இருந்திருந்தால், 2016-ல் மாணவர்களுக்கு அடுத்த கவிதை என்ன என்று பேசினாலே போதுமாக இருந்திருக்கும்.

வேறு ஊர்களில் எப்படி?

ராஜராஜன் காலத்து ஆனைமங்கலம் செப்பேடுகளை 'லைடன் செப்பேடுகள்' என்று படித்திருப்போம். அந்தப் பெயரைக் கொடுத்த நெதர்லாந்தின் லைடன் நகரம், சுவர்க்கவிதைகளுக்கும் பேர் போனது. 1992-ல் ரஷ்யக் கவிஞர் மரினா ஸ்வெட்டாயெவாவின் கவிதையோடு ஆரம்பித்து, 2005-ல் லோர்காவின் கவிதையோடு 101 எழுதி முடித்தார்கள். ஷேக்ஸ்பியர், ஜப்பானின் பாஷோ என ஒவ்வொருவர் கவிதையும் அவரவர் மொழியிலேயே இருக்கும்.

அங்கே பெர்லின் மாதிரி சண்டை வெடிக்கவில்லை. அதற்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம். ஒன்று, நூறு கவிதை இருக்கும் ஊரில் எந்த ஒரு கவிதையும் 'இதுதான் எங்கள் கருத்து' என்று நிற்பதில்லை. இரண்டு, வீட்டுக்காரர் சம்மதித்த சுவரில்தான் எழுதினார்கள். ஆனால் இதிலும் ஒரு குறை உண்டு. தேர்வு பெரும்பாலும் திட்டத்தை நடத்திய ஒரு சிறு குழுவின் கையில்தான் இருந்தது. ஊர் சுவரைக் கொடுத்தது, சொல்லைக் கொடுக்கவில்லை.

மெக்சிகோவில் நேர் எதிர். 1996-ல் மான்டெரே நகரில் கவிஞர் அர்மாண்டோ அலனிஸ் புலிடோ ஆரம்பித்த 'அக்சியோன் பொயெட்டிகா' இயக்கத்தில், சுவருக்கு வெள்ளையடித்து, கறுப்பில் சில சொற்களை எழுதுவார்கள். தன்னார்வலர்கள்தான் எழுதுகிறார்கள். அரசியல் கூடாது, மதம் கூடாது. லத்தீன் அமெரிக்கா முழுக்க இது பரவியது. யார் வேண்டுமானாலும் பிரஷ் எடுக்கலாம் என்பது இதன் பலம். ஆனால் யாரையும் உறுத்தாத வரிகளை மட்டும் எழுதினால், அந்தத் தெருவின் தண்ணீர்ப் பிரச்னையையோ வாடகைப் பிரச்னையையோ சுவர் எப்படிப் பேசும்? சண்டை இல்லாமல் இருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச்சிற்பம் இருந்தது. 1979-ல் புதுப்பிக்கிறோம் என்று அவரிடம் கேட்காமலேயே கழற்றிவிட்டார்கள். அது சேதமானது. 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சத்தை அவரிடம் ஒப்படைக்கச் சொல்லி, 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. விற்ற பிறகும் படைப்பின் மீது கலைஞருக்கு ஓர் உரிமை மிஞ்சுகிறது என்பதே காப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு. அதே பிரிவில், படைப்பைக் காட்சிக்கு வைக்காமல் இருப்பது மட்டுமே உரிமை மீறல் ஆகாது என்றும் இருக்கிறது.

இன்னொன்று. கவிஞர் இறந்து 60 ஆண்டு வரை அவர் கவிதைக்குக் காப்புரிமை உண்டு. நாட்டுடைமை ஆகிவிட்ட பாரதியார் பாடல் என்றால் யாரிடமும் கேட்க வேண்டாம். இன்றைய கவிஞர் என்றால் கேட்டே ஆக வேண்டும்.

அப்போ, சுவரில் எழுதும் முன் என்ன செய்யணும்?

பெயிண்ட் வாங்குவதற்கு முன்னாடியே மூணு விஷயத்தைப் பேசி முடிச்சிடணும். கவிதையை யார் தேர்ந்தெடுப்பது? எத்தனை வருஷம் இருக்கும்? யாராவது குறை சொன்னால் எங்கே, யாரிடம் பேசுவது? பெர்லினில் இந்த மூன்றையும் கவிதை எழுதி ஐந்து வருஷம் கழித்துத்தான் பேச ஆரம்பித்தார்கள். அதற்குள் எல்லோருக்கும் கோபம் வந்துவிட்டது.

கோம்ரிங்கரின் கவிதை என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? 2019-ல் அதே ஹெல்லர்ஸ்டார்ஃபில் ஒரு வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம், தன் கட்டடத்தின் சுவரில் அதை எழுதி விளக்கும் போட்டது. ஒரு சுவர் வேண்டாம் என்றது, இன்னொரு சுவர் வா என்றது.