கட்டடமும் கணக்கும்

ஸ்ரீபெரும்பூதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் ஆகிய இடங்களில் எழும்பியிருக்கும் தொழிற்சாலைகளைக் கண்டு தமிழ் மக்கள் பெருமை கொள்வது இயற்கையே. 1998இல் ஹூண்டாய் கம்பெனி இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் வண்டி செய்யத் தொடங்கியது. 2010இல் ரெனோ-நிஸ்ஸான் ஆலை ஒரகடத்தில் திறக்கப்பட்டது. வல்லம் வடகாலில் 18,720 தொழிலாளர் தங்குவதற்காகச் சிப்காட் ஸ்தாபனம் கட்டிய விடுதிகள் 2024 ஆகஸ்டில் திறப்பு விழாக் கண்டன. கட்டடம் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. ஆனால் பொதுவாக ஒரு பெரிய கட்டடம் எழும்பும்போது அதற்குச் செங்கல்லும் ஜல்லியும் கம்பியும் கடனாகக் கொடுத்தவன் யார், அவனுக்குப் பணம் போய்ச் சேர்ந்ததா என்பது ஒருவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. அதைப் பற்றியே இன்று நாம் எழுத முன்வந்தோம்.

ஆலை முதலாளி வேலையை ஒரு பெரிய கண்டிராக்டரிடம் ஒப்படைக்கிறார். அவர் மண் வேலையை ஒருவருக்கும், கம்பி கட்டும் வேலையை மற்றொருவருக்கும், பூச்சு வேலையை வேறொருவருக்கும் பிரித்துக் கொடுக்கிறார். இந்த உப கண்டிராக்டர்கள் லாரிக்காரரிடமும், கல் உடைக்கும் ஆலைக்காரரிடமும், இரும்புக் கடைக்காரரிடமும் தவணை சொல்லிச் சரக்கு எடுக்கிறார்கள். மேஸ்திரிகள் ஒரிஸாவிலிருந்தும் பீஹாரிலிருந்தும் ஆட்களைக் கொண்டு வருகிறார்கள். மேலிருந்து வரும் பணம் மதகடி வயலில் பாய்ந்து தேங்கிவிட்டால், கடைமடைக்காரன் காய்ந்து போகிறான். தன் பணம் எந்த மடையில் நிற்கிறதென்று அறிய அவனுக்கு வழியில்லை.

சட்டம் அவனுக்குத் துணை நிற்கவில்லையா என்று கேட்கலாம். 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி, கடைக்காரர் தம்மிடம் சரக்கு வாங்கியவர் மீதுதான் வழக்காடலாம். கட்டடத்தின் சொந்தக்காரருக்கும் அவருக்கும் யாதொரு ஒப்பந்தமும் இல்லை. 2006ஆம் வருஷத்துச் சிறு தொழில் சட்டம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டுமென்றும், தவறினால் ரிஸர்வ் பாங்கு விகிதத்தைப் போல் மும்மடங்கு வட்டி தர வேண்டுமென்றும் விதிக்கிறது. ஆனால் சரக்கை வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு 2021இல் பதிவுரிமை அளித்தபோது, பாங்குக் கடன் சலுகைக்கு மட்டுமே என்று வரம்பிட்டுவிட்டார்கள். ஆகவே சுங்குவார்சத்திரத்து இரும்புக் கடைக்காரர் அந்த வேலிக்கு வெளியே நிற்கிறார்.

கூலி விஷயம் வேறு. கண்டிராக்டர் கூலி கொடுக்கத் தவறினால் தலைமை முதலாளியே கொடுக்க வேண்டுமென்று 1970ஆம் வருஷத்துச் சட்டம் விதித்தது. 2025 நவம்பர் 21 முதல் அமுலுக்கு வந்த புதிய தொழிற் சட்டத் தொகுப்பும் அப்பொறுப்பை நீக்கவில்லை. பொறுப்பு தம் தலையில் இருக்கும்போது, கணக்கு மட்டும் தமக்குத் தெரியாது என்று முதலாளி சொல்லலாமா?

தெரியாமலிருப்பதன் பலனை நாடு கண்டிருக்கிறது. 2020 டிஸம்பரில் கோலார் ஜில்லா நரசாபுரத்தில், கூலி பாக்கியால் கொதித்த தொழிலாளர் விஸ்ட்ரான் ஆலையைச் சூறையாடினர். பலாத்காரத்தை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் கூலிப் பட்டுவாடாவில் குறையிருந்தது பின்னர் விசாரணையில் வெளிப்பட்டது. அங்கே சேதம் நேர்ந்த பிறகு கணக்குக் கேட்டார்கள், முன்னரே கேட்டிருக்கலாகாதா? 2014 ஜூனில் மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அத்தகைய வேளையில் வேலை செய்தவர் எவர், சிமெண்டும் கம்பியும் வந்த இடம் எது என்ற ஜாப்தா கையில் இருக்க வேண்டுவது எவ்வளவு அவசியமென்பதை விளக்க வேண்டுவதில்லை.

ஆதலால் நாம் கூறும் யோசனை இதுவே. ஒவ்வொரு உப கண்டிராக்டரும் தமது பில்லுடன் ஒரு ஜாப்தா தாக்கல் செய்ய வேண்டும். சரக்குக் கொடுத்தவர் பெயர், சரக்கின் வகை, மொத்தத் தொகை, கொடுத்தது, பாக்கி, கொடுபடும் தேதி, கூலி பாங்கு மூலம் சேர்ந்ததற்கு ருசு ஆகியவை அதில் இருக்க வேண்டும். விற்பனை வரிக்காக இவற்றில் ஒரு பகுதி 2017 முதலே சர்க்காருக்கு மாதந்தோறும் போய்க்கொண்டிருக்கிறது. வரிக்காகச் சொல்லக் கூடியதைக் கூலிக்காகச் சொல்லலாகாதா?

உப கண்டிராக்டர்களின் ஆக்ஷேபணைகளை நாம் அலக்ஷியம் செய்யவில்லை. "எங்கள் கொள்முதல் விலை வெளிப்படும், பெரியவர்கள் எங்களைத் தள்ளிவிட்டு நேரே வாங்கிக்கொள்வார்கள்" என்று அவர்கள் அஞ்சுவது நியாயமே. எனவே சரக்கின் விகிதத்தைக் கேட்கலாகாது. தொகையும் பாக்கியும் போதும். அவ்வேலை முடியும்வரை அந்த வியாபாரிகளிடம் நேரே கொள்முதல் செய்வதில்லையென்று கண்டிராக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. கீழிருப்பவனிடம் கணக்குக் கேட்பவர் தம் கணக்கையும் காட்டக் கடமைப்பட்டவர். முதலாளி எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தார், ஜாமீனாகப் பிடித்து வைத்த தொகை எவ்வளவு, அது எப்போது திரும்பும் என்பவற்றை உப கண்டிராக்டருக்கு அறிவிக்க வேண்டும். மேலே பணம் தங்கியிருக்க, கீழே உள்ளவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நீதியாகாது. "எனக்கு வந்தால்தான் உனக்கு" என்னும் ஷரத்தைப் பிரிட்டன் 1996ஆம் வருஷத்துச் சட்டத்தினால் பெரும்பாலும் செல்லாததாக்கியது. நம் தமிழ்த் தொழிலாளர் பலர் உழைக்கும் சிங்கப்பூரும் 2004இல் அவ்வாறே சட்டம் செய்தது. நாம் மட்டும் பின்தங்குவானேன்?

முதலடி எடுத்து வைக்க வேண்டியது சர்க்காரே. சிப்காட்டும் பொதுப்பணி இலாகாவும் தங்கள் டெண்டர் ஷரத்துக்களில் இதைச் சேர்த்துவிட்டால், தனி முதலாளிகள் பின்தொடராமல் இருக்க முடியாது. பரந்தூர் விமான நிலையத்தைப் போன்ற பெரு வேலைகள் எதிர்நோக்கியிருக்கின்றன. அஸ்திவாரம் தோண்டும் முன்னரே கணக்குப் புஸ்தகத்தைத் திறப்பது நலம். அந்நிய மூலதனத்தை வரவேற்பது தவறன்று. அதன் நிழலில் நம் ஊர்க் கடைக்காரனும் கொத்தனும் கடனாளியாவதே தவறு. தொழிற் சங்கத்தாரும் சட்டசபை அங்கத்தினரும் இதைக் கையிலெடுப்பார்களென்று நம்புகிறோம்.