பிளேடு அறுந்தா கூலியில பிடிப்பீங்களா?

தலைப்பைப் பாத்துட்டு "இவனும் பிளேடு போட வந்துட்டான்"னு ஓடிடாதீங்க மக்களே. இது நெஜமாவே பிளேடு பத்தின பதிவு. மரம் அறுக்கிற பேண்ட் சா பிளேடு.

நாமக்கல், திருச்செங்கோடு பக்கமெல்லாம் லாரி பாடி கட்டுற ஊரு. மரமில்லு நமக்குப் புதுசில்ல. தோப்புக்கே இழுத்துட்டுப் போய் அறுக்கிற சின்ன மெஷினும் வந்தாச்சு. பிளேடு அறுந்தா ஓனருங்க சொல்ற காரணம் ரெண்டே ரெண்டு. ஒண்ணு "மட்டமான பிளேடு", இன்னொண்ணு "ஓட்டுறவன் சரியில்ல". ரெண்டாவதுக்குத் தண்டனையும் உண்டு. எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பிக்கு ஒரே வாரத்துல ரெண்டு பிளேடு காசைக் கூலியில கழிச்சுட்டாங்க.

சரி, கணக்குப் போடுவோம். சக்கரம் 19 அங்குலம், பிளேடு 4 மீட்டர், வேகம் விநாடிக்கு 25 மீட்டர்னு வைங்க. நிமிஷத்துக்கு 375 சுத்து. ஒவ்வொரு சுத்துலயும் ரெண்டு சக்கரத்துல வளைஞ்சு நிமிரணும். ரெண்டு மணி நேரத்துல 90,000 தடவை! கம்பியைத் திரும்பத் திரும்ப மடக்கினா என்ன ஆகும்? அதேதான். யார் ஓட்டினாலும் ஒருநாள் அறுந்தே தீரும்.

"அப்ப தடியான பிளேடு போட்டா நிக்கும்"னு ஒரு மேதாவித்தனம் இருக்கு பாருங்க... சின்னச் சக்கரத்துல தடிமன் கூடினா, வளையும்போது வெளிப்பக்கம் இன்னும் அதிகமா இழுபடும். சீக்கிரமா விரிசல் விடும்.

திட்டறதுக்கு முன்னாடி விரிசல் எங்க ஆரம்பிச்சுதுன்னு பாருங்க சாமி. பல்லுக்குக் கீழ இருக்கிற குழியிலன்னா, மொண்ணை பிளேடை அழுத்தி ஓட்டியிருக்கணும், இல்ல சாணை பிடிக்கறப்ப நீலம் பாயற அளவுக்குச் சுட்டிருக்கணும். முதுகுப் பக்கம்னா, கைடு ரோலர் விளிம்பு உரசுது. நடுவுல 3 மி.மீ. இடைவெளி வேணும். வேலை முடிஞ்சதும் டென்ஷனைத் தளர்த்தி விடணும். இதுல முக்கால்வாசி மெஷினைப் பராமரிக்கிற வேலை. அதுக்குக் காசும் நேரமும் தர வேண்டியது யாரு?

ரோட்டோரப் புளியமரத்துல விளம்பரத் தட்டி அடிச்ச ஆணி உள்ளயே கிடக்கும். பட்டையில மண்ணு அப்பியிருக்கும். முத்துன தென்னையோட வெளிச்சுத்து பல்லைத் தின்னுடும். கழுவாம, ஆணி பாக்காம மரத்தை ஏத்திட்டு பல்லு போச்சேன்னு குதிச்சா?

உண்மையான கொடுமை இனிமேதான். காசு பிடிப்பாங்கங்கற பயத்துலயே அந்தத் தம்பி மொண்ணை பிளேடை மாத்தக் கேக்காம ஓட்டறான். மொண்ணையை ஓட்டினா விரிசல். விரிசல் விட்டா அறுந்து பறக்கும். பறக்கற பிளேடு எதிர்ல ஓனர் நிக்கறதில்ல, இவன்தான் நிக்கறான்.

சட்டமும் இதுக்கு இடம் தரல. தொழிலாளியோட அலட்சியத்தால நேரடியா வந்த நஷ்டத்துக்குத்தான் பிடிக்கலாம், அதுவும் அவன் பக்க நியாயத்தைக் கேட்டுட்டுதான். முன்னாடி இருந்த 1936 சம்பளப் பட்டுவாடாச் சட்டத்துலயும் இதுதான் இருந்துச்சு, 2019 ஊதியச் சட்டத் தொகுப்புலயும் இதுதான்.

ஓனர் அண்ணன்மாரே, மெஷின் பக்கத்துல சாணை பிடிச்ச பிளேடு நாலு தொங்க விடுங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணு மாத்தச் சொல்லுங்க. பிளேடு அறுந்தா ஒட்டிக்கலாம். விரலை ஒட்ட முடியாதுங்க.