வீங்கிய முழங்காலை நீவி விடலாமா?

பாக்டர் ஊசி போட்டதும் வேலை முடிந்துவிடாது!

சேவூர்-

தறிக்குழியில் இறங்கும் நெசவாளிக்குக் காலும் கையும்தான் கைமுதல். மிதிபலகையை மாறி மாறி மிதிக்க முழங்காலும் கணுக்காலும் வேண்டும். நாடாக் கயிற்றை இழுக்க முழங்கை வேண்டும்.

இந்த மூன்று மூட்டுகளைத்தான் ஹீமோபிலியா என்ற நோய் குறிவைத்து அடிக்கிறது! ஆரணி, சேவூர் பக்கத்துத் தறிக்காரர் வீட்டில் இப்படி ஒரு பையன் பிறந்தால், நோய் அவன் பிழைப்பிலேயே கை வைக்கிறது என்றுதான் அர்த்தம்.

ரத்தம் உறைவதற்கான 8-ம் நம்பர் அல்லது 9-ம் நம்பர் பாக்டர் பிறவியிலேயே குறைவாக இருப்பதுதான் இந்த நோய். பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கே வருகிறது. பாக்டர் 1 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் அடி படாமலே மூட்டுக்குள் ரத்தம் கசியும். வெளியே சொட்டு ரத்தம் தெரியாது. முழங்கால் சுடும், வீங்கும், மடக்க முடியாது.

உடனே வீட்டில் என்ன சொல்வார்கள்? "சுளுக்குத்தான், எண்ணெய் போட்டு நீவினா சரியாயிடும்!"

இதுதான் ஆபத்து. நீவ நீவக் கசிவு கூடும். பாக்டர் மருந்து ஏற்ற வேண்டும். காலுக்கு ஓய்வு கொடுத்து, துணியில் சுற்றிய ஐஸ் வைக்க வேண்டும். ஆஸ்பிரின் மாத்திரை கூடவே கூடாது.

மருந்து ரத்தத்தை நிறுத்தும். மடங்கிய காலை நீட்டித் தராது. வலிக்குப் பயந்து பையன் காலை மடக்கியே வைத்திருப்பான். சில வாரத்தில் தொடைச் சதை சூம்பிவிடும். சதை பலம் இழந்த மூட்டில் மறுபடியும் கசியும். உள்சவ்வு தடிக்கும், குருத்தெலும்பு அரிக்கும். வாலிப வயதிலேயே கிழவன் முழங்கால்!

இந்தச் சுழலை உடைப்பதுதான் பிசியோதெரபி. கசிவு நின்றதும், முட்டியை அசைக்காமல் தொடைச் சதையை மட்டும் இறுக்கி விடுவது முதல் பயிற்சி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மடக்கி நீட்டுவது. ஏற்கெனவே கோணிப்போன காலுக்கு மாவுக்கட்டு போட்டு, சில நாளுக்கு ஒருமுறை கட்டை மாற்றி, சிறிது சிறிதாக நிமிர்த்துவார்கள். பலவந்தமாக இழுத்தால் காரியம் கெட்டது.

இந்த வித்தையில் பேர் எடுத்த இடம் தூரத்தில் இல்லை. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிதான்! நோயாளி சாப்பிடுவது, குளிப்பது, குந்தி உட்காருவது, படி ஏறுவது ஆகியவற்றை நேரில் செய்யச் சொல்லி 1 முதல் 4 வரை மார்க் போடும் முறையை 2005-ல் வெளியிட்டவர்கள் இவர்கள். குந்தி உட்காருவதற்கு மார்க் போட நம் ஊர் டாக்டருக்குத்தானே தோன்றும்? உலக ஹீமோபிலியா கூட்டமைப்பின் 2012, 2020-ம் ஆண்டு வழிகாட்டி நூல்களுக்கும் அங்கு பணியாற்றிய டாக்டர் அலோக் ஸ்ரீவாஸ்தவாதான் முதல் ஆசிரியர். 5 பேருக்கு மரபணு சிகிச்சை கொடுத்து, ரத்தக் கசிவு நின்றதை 2024-ல் அறிவித்ததும் இதே ஆஸ்பத்திரிதான்.

ஆனால் மரபணு சிகிச்சையும் ஏற்கெனவே அரித்த குருத்தெலும்பை வளர்த்துத் தராது.

தமிழகத்தில் பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் பாக்டர் மருந்தை இலவசமாகத் தருகிறார்கள். விலை உயர்ந்த மருந்து இது. பெரிய உதவிதான், மறுப்பதற்கில்லை. அதனால்தானோ என்னவோ, பேச்சு முழுக்க மருந்தோடு நின்றுவிடுகிறது. பயிற்சிக்கு மருந்துச் செலவு போல் கிடையாது. ஆனால் மாதக்கணக்கில் செய்ய வேண்டும். தறிக்காரர் மகனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினால் அன்றைய கூலி போச்சு. இரண்டு தடவை போவார். மூன்றாவது தடவை, "கால்தான் வீங்கலையே" என்று நின்றுவிடுவார். அங்கேதான் முழங்கால் கோண ஆரம்பிக்கிறது.

வேலூரில் கற்ற பயிற்சியை வீட்டுத் திண்ணையிலேயே செய்யலாம். செய்கிறானா, சரியாகச் செய்கிறானா என்று மாதம் ஒருமுறை பார்க்க பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பக்கத்திலேயே இருந்தால் பாதிக் கஷ்டம் தீரும். அரசு யோசிக்க வேண்டிய இடம் இது.

பையனை மூலையில் உட்கார வைக்கவும் வேண்டாம். டாக்டரைக் கேட்டுக்கொண்டு நீச்சல் அடிக்கலாம், நடக்கலாம். கபடிக்கு மட்டும் தடா!