சனிக்கிழமை ஊருக்கு வருகிறவருக்கு எந்த நாடகம்?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் சனிக்கிழமை இரவு என்பது தனி இரவு. சென்னையில் வேலை பார்ப்பவர்கள் வீடு திரும்பும் இரவு அது. தாம்பரத்திலிருந்து வரும் பாசஞ்சர் ரயிலில் நிற்கவும் இடம் இருக்காது. கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறியவர்கள் தூங்கி வழிந்தபடி திண்டிவனத்தில் இறங்குவார்கள். கையில் துணிப்பை. பையில் பிள்ளைகளுக்குத் தின்பண்டம்.

ஆறு நாள் பிரிந்திருந்த குடும்பம் ஒன்று சேருகிறது. சாப்பாடு ஆகிறது. டெலிவிஷன் ஓடிக்கொண்டிருக்கிறது. சிக்கல் அங்கேதான்.

திரையில் ஒரு பெண் அழுகிறாள்.

"யார் இவள்? எதற்கு அழுகிறாள்?" என்று கேட்கிறார், ஊரிலிருந்து வந்தவர்.

மனைவி சொல்லத் தொடங்குகிறாள். திங்கட்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் விளம்பரம் வந்துவிடுகிறது. அவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுகிறார். மகன் முன்பே போய்விட்டான்.

இந்த இரண்டு ஊர்களில் மட்டும் நடக்கும் கதையல்ல இது. ஆனால் பெரிய நகரத்துக்குப் பிழைக்கப் போய், வாரக் கடைசியில் வீட்டுக்கு வரும் ஊர்களில் இது அதிகம்.

சானல்களின் சண்டை

சனி, ஞாயிறு மாலைகளுக்காகத் தமிழ் சானல்களிடையே நடக்கும் போட்டி சாதாரணமானதல்ல. விஜய் டி.வி. 2006 முதல் பாட்டுப் போட்டி நடத்துகிறது. 2017 முதல் 'பிக் பாஸ்' நடத்துகிறது. வாரம் முழுவதும் வீட்டுக்குள் நடந்த சச்சரவை விசாரிக்க, சனி, ஞாயிறுகளில் பெரிய நடிகர் ஒருவர் வருவார். முதலில் கமல்ஹாசன் வந்தார். 2024 முதல் விஜய் சேதுபதி வந்தார். ஜீ தமிழிலும் பாட்டுப் போட்டி உண்டு. சன் டி.வி.யில் ஞாயிறு என்றால் சினிமா. கோடைக் காலம் வந்தால் எல்லாவற்றுக்கும் மேலே ஐ.பி.எல். கிரிக்கெட் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இவற்றில் ஒரு பொது அம்சம் உண்டு. பாட்டுப் போட்டி, சினிமா, கிரிக்கெட் ஆகிய மூன்றையும், நேற்று பார்க்காதவரும் இன்று பார்க்கலாம். யார் ஜெயிக்கிறார் என்பது பத்து நிமிஷத்தில் புரிந்துவிடும்.

நாடகம் மட்டும் அப்படி இல்லை. தொடர்கள் பெரும்பாலும் திங்கள் முதல் சனி வரை ஓடுகின்றன. தினமும் வீட்டில் இருப்பவருக்குத்தான் அந்தக் கதை. வாரக் கடைசியில் வருகிறவர் தம் வீட்டு டெலிவிஷன் முன்னாலேயே விருந்தாளி ஆகிவிடுகிறார்.

பழைய நாடகம் திரும்பி வந்தது

2020 மார்ச் 25ந் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. படப்பிடிப்புகள் நின்றன. புதிதாகக் காட்டச் சானல்களிடம் சரக்கு இல்லை. உடனே பழைய பெட்டியைத் திறந்தார்கள்.

மார்ச் 28ந் தேதி தூர்தர்ஷன் 'ராமாயண'த்தை மறுபடியும் ஒளிபரப்பத் தொடங்கியது. ராமானந்த சாகர் எடுத்த அந்தத் தொடர் முதலில் வந்தது 1987 ஜனவரியில். பி.ஆர்.சோப்ராவின் 'மகாபாரத'மும் திரும்பி வந்தது. ஏப்ரல் 13ந் தேதி, பழைய தொடர்களுக்கென்றே 'டி.டி. ரெட்ரோ' என்ற புது சானல் ஒன்றும் பிறந்தது. தமிழில் சன் டி.வி. 'மெட்டி ஒலி'யை மறுபடி போட்டது. திருமுருகன் இயக்கி, 2002 முதல் 2005 வரை ஓடிய தொடர் அது. ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு தகப்பனாரின் கதை.

ஏப்ரல் 16ந் தேதி மட்டும் 7.7 கோடிப் பேர் 'ராமாயணம்' பார்த்ததாகத் தூர்தர்ஷன் அறிவித்தது. இது உலக சாதனை என்றும் சொல்லிக்கொண்டது. அந்தப் பெருமை கொஞ்சம் அதிகம். 1983ல் அமெரிக்காவில் 'மேஷ்' என்ற தொடரின் கடைசிப் பாகத்தை 10 கோடிக்கு மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். சாதனை போகட்டும். 33 வருஷத்துப் பழைய நாடகத்தை ஒரே நாளில் 7 கோடிப் பேர் பார்த்தார்கள் என்பதே பெரிய விஷயம்தான்.

இதைப் பார்த்துப் பலர் ஒரு முடிவுக்கு வந்தார்கள். "பழையது பொன். அதைப் போட்டால் போதும், கூட்டம் வரும்" என்றார்கள்.

அந்த முடிவு சரியல்ல. அந்த நாட்களில் யாரும் வெளியே போக முடியாது. எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். சென்னைக்குப் போனவரும் விழுப்புரத்து வீட்டில்தான் இருந்தார். குடும்பம் கூடியிருந்தது, அதனால் நாடகம் ஜெயித்தது. ஊரடங்கு தளர்ந்ததும் அவரவர் வேலைக்குப் போனார்கள். அந்தக் கூட்டமும் கலைந்தது.

பெயரை மட்டும் திரும்பக் கொண்டுவந்தாலும் போதாது. ராதிகா நடித்து 1999 முதல் 2001 வரை ஓடிய 'சித்தி', தமிழ்நாட்டு வீதிகளையே வெறிச்சோட வைத்த தொடர். 2020 ஜனவரியில் 'சித்தி 2' வந்தது. 2021ல் ராதிகா விலகினார். 2022ல் தொடர் முடிந்தது. பழைய 'சித்தி'யைப் பற்றிப் பேசுவதுபோல் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

திரும்ப வர வேண்டியது எது?

பழைய நாடகத்தில் திரும்ப வர வேண்டியது அதன் அளவுதான்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15ந் தேதி தொடங்கியது. அந்தக் காலத்தில் செவ்வாய்க்கிழமை இரவு நாடகம் என்றால் தெருவே கூடும். பெட்டி இருக்கிற வீட்டில், பெட்டி இல்லாத வீட்டுக்காரர்களும் வந்து தரையில் உட்காருவார்கள். அது ஒரே இரவில் முடிந்த நாடகம். போன வாரம் வராதவர் இந்த வாரம் வந்தால் ஒன்றும் கெட்டுப் போகாது.

பிறகு வந்த தொடர்களும் வாரம் ஒரு முறைதான். 'ராமாயணம்' ஞாயிறு காலையில் மட்டும் வந்தது. மொத்தம் 78 பாகம். 'மகாபாரதம்' 94 பாகம். வசனம் இந்தி. திண்டிவனத்தில் பாதிப் பேருக்கு மேல் அது புரிந்திருக்காது. ஆனால் கதை தெரியும். அதனால் பார்த்தார்கள்.

1990களில் 'மர்மதேசம்' வந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம், பாலசந்தரின் கவிதாலயா தயாரிப்பு. வாரம் ஒரு நாள்தான். மிச்ச ஆறு நாளும், "கொலை செய்தது யார்?" என்று டீக்கடையில் ஜனங்கள் துப்பறிந்தார்கள். காத்திருப்பதிலும் ஒரு சுகம் இருந்தது.

அதற்குப் பின்னால்தான் தினசரித் தொடர் நாட்டை ஆண்டது. 'மெட்டி ஒலி' 800 பாகங்களைத் தாண்டியது. 'கோலங்கள்' 1500ஐத் தாண்டியது. நல்ல தொடர்கள்தான். ஆனால் முழுவதும் பார்க்க வேண்டுமானால், வருஷக்கணக்கில் மாலை நேரத்தில் வீட்டை விட்டு நகரக் கூடாது!

கூத்துக்காரர்களுக்குத் தெரியும்

இந்த விஷயத்தில் விழுப்புரம் மாவட்டத்துக்குப் பாடம் சொல்ல வெளியூர்க்காரர் யாரும் வர வேண்டியதில்லை. நடிகர் திலகம் சிவாஜி கணேசன் 1928ல் பிறந்த ஊர் விழுப்புரம் என்பது ஒரு புறம் இருக்கட்டும். செஞ்சிப் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழா நடக்கும்போது பாரதக் கூத்து நடக்கும். பல இரவுகள் தொடர்ந்து நடக்கும். அதுவும் ஒரு தொடர்தான்!

ஆனால் ஒவ்வோர் இரவும் ஒரு முழுக் கதை. இன்று 'திரௌபதி கல்யாணம்'. இன்னொரு நாள் 'அர்ஜுனன் தபசு'. மற்றொரு நாள் 'கர்ண மோட்சம்'. ஓர் இரவு மட்டும் வருகிறவருக்கும் விடிவதற்குள் ஒரு கதை கிடைத்துவிடும். வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்றபடியே தாம் யார் என்று பாடிச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வருவார். கட்டியங்காரன் நடுவில் புகுந்து கேள்வி கேட்பான், கேலி செய்வான், கதையை மறுபடி எடுத்துச் சொல்வான். தாமதமாக வந்து பாயை விரித்தவருக்கும் விளங்கும்.

"யார் இவள்? எதற்கு அழுகிறாள்?" என்ற கேள்விக்குக் கூத்துக்காரர்கள் எப்போதோ பதில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

பணம் என்ன சொல்கிறது?

அப்படியானால் சானல்கள் ஏன் வார நாடகம் போடுவதில்லை? காரணம் காசு. தினசரித் தொடருக்கு ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தால் போதும். அதே கூடத்தில், அதே மாடிப்படியில் நூறு பாகம் எடுக்கலாம். ஆறு நாளும் விளம்பரம் வரும். வார நாடகத்துக்கு அதே அரங்கு, அதே நடிகர்கள் வேண்டும். ஆனால் விளம்பரம் ஒரு நாளைக்குத்தான்.

இன்னொன்று, டி.ஆர்.பி. கணக்கு. நாடு முழுவதும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளில் கருவி வைத்து, எந்த வீட்டில் எது ஓடுகிறது என்று 'பார்க்' என்ற அமைப்பு கணக்கெடுக்கிறது. அந்தக் கணக்கை வைத்து விளம்பரக் கட்டணம் பேசுகிறார்கள். தினமும் பார்க்கிற அம்மா இதில் பலமான வாடிக்கையாளர். வாரம் ஒரு முறை வருகிற அப்பாவுக்காக யாரும் கதையை மாற்ற மாட்டார்கள்.

ஆனால் இந்தக் கணக்கு எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி இல்லை. தென்கொரியாவில் கே.பி.எஸ். என்ற பொது நிறுவனம், சனி, ஞாயிறு இரவுகளுக்கென்றே ஒரு குடும்பத் தொடர் போடுகிறது. சுமார் 50 பாகத்தில் கதை முடியும். பிறகு அடுத்த கதை. தாத்தா முதல் பேரன் வரை பார்ப்பதால் அந்த நாட்டின் அதிகம் பார்க்கப்படும் தொடர்களில் அதற்கு எப்போதும் இடம் உண்டு. ஜப்பானில் என்.எச்.கே. 1963 முதல் ஞாயிறு இரவுதோறும் ஒரு சரித்திரத் தொடர் போடுகிறது. ஒரு வருஷத்துக்கு ஒரு கதை. டிசம்பரில் முடிந்துவிடும்.

இரண்டும் பொது நிறுவனங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நம் ஊரில் அந்த இடத்தில் இருப்பது தூர்தர்ஷன். பொதிகை சானல் 2024 ஜனவரி 19ந் தேதி 'டி.டி. தமிழ்' என்று பெயர் மாறியது. அதே வருஷம் நவம்பரில் பிரசார் பாரதி 'வேவ்ஸ்' என்ற செயலியைத் தொடங்கிப் பழைய தொடர்களை அதில் வைத்தது. 'மர்மதேசம்' யூடியூபில் கிடைக்கிறது.

நல்ல காரியம்தான். பழைய டேப்புகளைக் காப்பாற்றுவது லேசான வேலையல்ல. டேப் விலை அதிகமாக இருந்த காலத்தில், ஒரு நாடகத்தை அழித்துவிட்டு அதன் மேலேயே இன்னொன்றைப் பதிவு செய்தார்கள். பி.பி.சி. இப்படிச் செய்ததால் 'டாக்டர் ஹூ' என்ற புகழ்பெற்ற தொடரில் 90க்கும் மேற்பட்ட பாகங்கள் காணாமல் போயின. தூர்தர்ஷனிலும் இது நடந்திருக்கிறது.

ஆனால் செயலியும் யூடியூபும் பெரும்பாலும் கைப்பேசியில்தான் ஓடுகின்றன. கைப்பேசியை ஒருவர்தான் பார்க்க முடியும். 2006ல் அரசு இலவசக் கலர் டி.வி. கொடுக்கத் தொடங்கியபோது கூடத்துக்கு வந்த பெட்டி, பல வீடுகளில் இன்று பாட்டிக்கு மட்டும் துணையாக இருக்கிறது. பாட்டிக்குச் செயலி தெரியாது. மாதச் சந்தா இல்லாத தூர்தர்ஷன் டிஷ் தெரியும்.

டி.டி. தமிழில் ஞாயிறு இரவு 8 மணிக்கு ஒரு நாடகம். பழையதோ புதியதோ, ஒரு மணி நேரத்தில் ஒரு கதை முடிய வேண்டும். 9 மணிக்கு மேல் நீளக் கூடாது. திங்கள் விடிகாலை ரயிலைப் பிடிக்க வேண்டியவர், அதற்குள் படுத்தாக வேண்டும்.