கைதட்டியது போதும், ஸ்கோரைப் போடுங்கள்

"நல்ல காரியம் பண்றீங்க மேடம்." பார்வைக்குறைபாடு உள்ள பெண்களுக்கு ஒரு கோல்பால் கிளப் போட்டி நடத்த அரங்கமும் பணமும் கேட்டு அலைந்த மாதங்களில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். ஊரில் வாலிபால் டோர்னமென்ட் நடத்துகிற யாரிடமும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவரிடம் எத்தனை டீம், பரிசு எவ்வளவு, போன தடவை கப் யாருக்கு என்று கேட்பார்கள். எங்களிடம் அந்தக் கேள்விகள் வருவதில்லை. நல்ல காரியத்துக்கு ஸ்கோர் கிடையாது இல்லையா? அன்னதானத்தில் யார் ஜெயித்தார்கள் என்று யாராவது கேட்பார்களா?

என் சண்டை இந்த 'நல்ல காரிய'த்தோடுதான்.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1946இல் ஆஸ்திரியாவின் ஹான்ஸ் லோரன்சனும் ஜெர்மனியின் செப் ரைண்டிலும் போரில் பார்வை இழந்த சிப்பாய்களின் மறுவாழ்வுக்காக உருவாக்கிய ஆட்டம் இது. பார்வையுள்ளவர்கள் ஆடும் ஆட்டத்தை வளைத்து நெளித்துச் செய்ததல்ல, ஆரம்பத்திலிருந்தே காதுக்காகச் செய்தது. அணிக்கு மூன்று பேர். பந்துக்குள் மணி. அளவில் கூடைப்பந்து மாதிரி இருக்கும், எடை ஒன்றேகால் கிலோ, அதாவது கூடைப்பந்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதை எதிரணியின் கோலை நோக்கித் தரையோடு உருட்டி எறிய வேண்டும். தடுப்பவர்கள் சத்தத்தை வைத்துத் திசை கணித்து, உடம்பை நீட்டித் தரையில் விழுந்து மறிக்க வேண்டும். பந்து கைக்கு வந்தால் பத்து விநாடிக்குள் திருப்பி எறிய வேண்டும். 12 நிமிடமாக இரண்டு பாதி. பெனால்டி கொடுத்துவிட்டால் ஒன்பது மீட்டர் அகல கோலை ஒருத்தி தனியாகக் காக்க வேண்டும். கால்பந்தின் கோல்கூட அவ்வளவு அகலம் இல்லை.

எல்லோருக்கும் கண்மறைப்பு கட்டாயம். எனக்கு ஓரளவு பார்வை உண்டு, பி3 பிரிவு. என் பக்கத்தில் நிற்பவள் பி1, அவளுக்கு வெளிச்சம்கூடத் தெரியாது. கண்மறைப்பைப் போட்டதும் என்னிடம் இருக்கிற கொஞ்சநஞ்சமும் செல்லாது. பல நேரங்களில் அவள்தான் என்னைவிட நன்றாக ஆடுகிறாள், ஏனென்றால் வாழ்நாள் முழுக்கக் காதை நம்பியவள் அவள்.

இந்த ஆட்டத்தில் பார்வையாளருக்கும் ஒரு விதி உண்டு. பந்து ஓடும்போது அரங்கில் சத்தம் கூடாது. நடுவர் அமைதி கேட்டு வாங்கிய பிறகுதான் ஆட்டத்தைத் தொடங்குவார். கோல் விழுந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கத்திக்கொள்ளலாம். எங்கள் போட்டிக்கு வந்த சிறப்பு விருந்தினருக்கு இதை மூன்று முறை விளக்கினோம். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஆட்டம் தொடங்கி நாலாவது நிமிடத்தில் அவர் மொபைல் அடித்தது. அவரை வழியனுப்பப் பத்து பேர் செருப்புச் சத்தத்தோடு எழுந்தார்கள். போவதற்கு முன் மைக்கில் 'அகக்கண்' பற்றி இருபது நிமிடம் பேசியிருந்தார். ஒரு பாதி ஆட்டமே 12 நிமிடம்தான்! பொன்னாடைக்கும் குத்துவிளக்குக்கும் போன நேரத்தில் இன்னொரு லீக் ஆட்டத்தை முடித்திருக்கலாம்.

இதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. விழாவை விரும்புகிறவர்களுக்கு விளையாட்டு தொந்தரவுதான். டிசம்பர் 3 வந்தால் மைதானம் கிடைக்கும், பிஸ்கட் பாக்கெட், டி-ஷர்ட், சான்றிதழ் எல்லாம் கிடைக்கும். டிசம்பர் 4ஆம் தேதி பயிற்சிக்கு அதே அரங்கத்தின் சாவியைக் கேட்டுப் பாருங்கள்.

முதல் சாக்கு, "அதுக்கெல்லாம் வசதி வேணுமே மேடம்." கோல்பால் களம் 18க்கு 9 மீட்டர். வாலிபால் களமும் அதே 18க்கு 9தான். உள்ளரங்க வாலிபால் களம் இருக்கிற எந்தக் கல்லூரியிலும் கோடுகள் தயாராக இருக்கின்றன. அந்தக் கோட்டில் மெல்லிய கயிற்றை வைத்து மேலே டேப் ஒட்டினால் போதும், விரலாலும் பாதத்தாலும் தடவி நிற்கும் இடத்தைக் கண்டுகொள்வோம். கோல் கம்பத்தை எங்களுக்கு ஒரு வெல்டிங் பட்டறை அண்ணன் ஜி.ஐ. பைப்பில் செய்து தந்தார். "இவ்ளோ அகலமா? மூணு பேர் எப்படிம்மா பாத்துக்குவீங்க?" என்று கேட்டார். அத்தனை மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் விளையாட்டுக் கேள்வி அதுதான். பந்துக்கும் கண்மறைப்புக்கும்தான் வெளியே கையேந்த வேண்டியிருந்தது. வசதி இல்லை என்பது பொய். சாவி தர மனம் இல்லை என்பதுதான் உண்மை.

இரண்டாவது சாக்கு இன்னும் மோசமானது. "ஆம்பளைப் பசங்க டீம் வேணா பண்ணலாம், பொண்ணுங்க அவ்ளோ பேர் வர மாட்டாங்களே." இது பழைய பாட்டு. பாராலிம்பிக்கிலேயே ஆண்கள் கோல்பால் 1976 டொராண்டோவில் வந்துவிட்டது, பெண்கள் 1984 வரை காத்திருந்தார்கள். இங்கே நடப்பதையும் சொல்கிறேன். பார்வையற்றோர் பள்ளியில் படிக்கும்வரை பெண் ஆடுகிறாள். பள்ளி முடிந்ததும் பையன் கல்லூரி விடுதிக்குப் போகிறான், நண்பன் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி எங்கேயாவது பந்து தேடிப் போய்விடுகிறான். பெண் வீட்டுக்குப் போகிறாள். 'அடிபட்டா யார் பாக்கிறது', 'முழங்கையெல்லாம் காயத்தோட பொண்ணு பாக்க வர்றவங்க முன்னாடி எப்படி நிக்கிறது.' அவள் வரவில்லை என்கிறீர்களே, வருவதற்கு இடம் எங்கே வைத்திருக்கிறீர்கள்? போட்டி இல்லாததால் அணி இல்லை, அணி இல்லாததால் பயிற்சி இல்லை. கடைசியில் ஆள் இல்லை என்று அவள்மேலேயே பழி.

அதனால்தான் கிளப் வேண்டும் என்கிறேன். பள்ளி ஒருநாள் முடியும். தேர்வு முகாமுக்கு ஏற்கெனவே ஆடுகிறவர்கள்தான் போக முடியும். வேலைக்குப் போகிறவள், கல்யாணமானவள், இருபத்தெட்டு வயதில் முதன்முதலாகப் பந்தைத் தொடுகிறவள், இவர்கள் எல்லோரும் சனிக்கிழமை சாயங்காலம் வந்து சேருகிற இடம் கிளப் ஒன்றுதான். ஆட்டத்தின் தரத்துக்கும் அது அவசியம். கோல்பாலில் ஓர் அணி பத்து கோல் முன்னிலை பெற்றால் ஆட்டம் அத்தோடு முடிந்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை கூட்டிச் சேர்த்த அணியைப் பயிற்சி பெற்ற அணியோடு மோதவிட்டால் சில நிமிடங்களில் கதை முடியும். ஒன்றுக்கொன்று சளைக்காத நாலு அணிகள் வேண்டும். அது சீசன் முழுக்க ஆடினால்தான் வரும்.

அப்புறம் துணைக்கு வருகிறவரின் செலவு. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, சரி. மாவட்டம் தாண்டி வருகிறவளுக்கு? ஆறு வீராங்கனைகள் உள்ள அணி கிளம்பினால் வழித்துணைக்கும் ஆள் வர வேண்டும், அவர்களுக்கும் சாப்பாடும் தங்குமிடமும் வேண்டும். ஒரு நன்கொடையாளர் எங்கள் பட்ஜெட்டில் அந்த வரியைத்தான் முதலில் அடித்தார். "பிளேயருக்கு மட்டும் தர்றோம்." பேனர் செலவை அடிக்கவில்லை, அதில் அவர்கள் லோகோ இருந்தது. துணைச் செலவை அடித்தால் வீராங்கனையையே அடித்த மாதிரி. வீட்டில் அவளை அனுப்ப மாட்டார்கள்.

அதே நன்கொடையாளர்கள் வேறொன்றுக்குத் தாராளமாகத் தருவார்கள். ஊழியர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு எங்களோடு பத்து நிமிடம் ஆடி, கட்டை அவிழ்த்ததும் கண் கலங்கி, 'இவங்க வாழ்க்கை எவ்வளவு கஷ்டம்' என்று ஸ்டேட்டஸ் போடுகிற நிகழ்ச்சி. உங்கள் கண்ணீருக்கு எங்கள் களம் எதற்கு? கண்மறைப்பு போட்டு ஆட வேண்டுமென்றால் தாராளமாக வாருங்கள். வாராவாரம் வாருங்கள், பயிற்சியில் எங்களிடம் பத்துக்குப் பூஜ்யம் தோற்றுவிட்டு அடுத்த வாரமும் வாருங்கள். நாலாவது வாரம் உங்களுக்கு அழுகை வராது, கோபம் வரும். அப்போது நீங்கள் விளையாட ஆரம்பித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இவை எதுவும் தயவு கேட்டு எழுதியதல்ல. இந்தியா 2007இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு விளையாட்டில் பங்கேற்பதை உரிமையாகச் சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் 30ஆம் பிரிவுதான் விளையாட்டைப் பேசுகிறது. இரண்டு ஆவணங்களிலும் ஒரே எண், மறக்கச் சாக்கு கிடையாது. 2023இல் பர்மிங்காமில் நம் பார்வையற்ற பெண்கள் கிரிக்கெட் அணி ஆஸ்திரேலியாவை வென்று தங்கம் வாங்கியபோது எல்லோரும் வாழ்த்தினார்கள். அந்த அணியில் இருந்த மூன்று பேரின் பெயரைச் சொல்ல முடிகிறதா உங்களால்?

எங்கள் போட்டி முடிந்த மறுநாள் ஒரு பத்திரிகையில் செய்தி வந்தது. விருந்தினர் படம் இருந்தது, 'தன்னம்பிக்கை' என்ற சொல் நாலு இடத்தில் இருந்தது. யார் ஜெயித்தார்கள் என்று இல்லை. இறுதி ஆட்டம் 7–6. கடைசி நிமிடத்தில் ஒரு பெனால்டி. ஒருத்தி தனியாக ஒன்பது மீட்டரை மறித்து, நுனிக்காலால் பந்தைத் தட்டிவிட்டாள். அரங்கம் அதுவரை மூச்சுக்கூட விடவில்லை, அப்புறம் கூரை அதிர்ந்தது. தோற்ற அணியின் கேப்டன் பரிசளிப்பில் யாரோடும் பேசவில்லை, அவ்வளவு ஆத்திரம். அந்த ஆத்திரத்தில் ஒரு வரியாவது செய்தியில் வந்திருக்க வேண்டாமா?

அடுத்த சீசனுக்கு எனக்கு வேண்டியவை இவ்வளவுதான். சனிக்கிழமைகளில் ஓர் அரங்கத்தின் சாவி. துணைக்கு வருகிறவர்களுக்குப் பஸ் காசு. விசில் ஊதத் தெரிந்த, விதி படிக்கத் தயாராக இருக்கிற நாலு இளைஞர்கள். விருந்தினர் வேண்டாம். நீங்கள் வருவதானால் போனை அணைத்துவிட்டு வாருங்கள், ஏதாவது ஓர் அணிப் பக்கம் உட்காருங்கள். எதிரணி கோல் போட்டால் திட்டுங்கள், பந்து நின்ற பிறகு.