இரத்தம் கொடுப்போம், கணக்கில் எங்களையும் எழுது!

வங்கி என்றால் நமக்குத் தெரிந்தது பணம் போட்டு எடுக்கும் வங்கி. இரத்தத்தைப் போட்டு வைக்கும் வங்கியும் இன்று உலகெங்கும் நடக்கிறது. அடிபட்டவனுக்கு ஏற்றுகிற இரத்த வங்கி அல்ல இது. பெயர் பயோபேங்க், தமிழில் உயிரி வங்கி. பல்லாயிரம் பேரின் இரத்தத்தைச் சிறு குப்பிகளில் அடைத்து, உறையும் குளிருக்கும் கீழே 80 டிகிரியில் வைத்துக் காக்கிறார்கள். அவர்களில் யாருக்குச் சர்க்கரை வந்தது, யாருக்கு மாரடைப்பு வந்தது என்று ஆண்டுக்கணக்கில் குறித்து வருகிறார்கள். எந்த உடலுக்கு எந்த மருந்து என்று கண்டறிவதே நோக்கம். இதைத்தான் துல்லிய மருத்துவம் என்கிறார்கள்.

நல்ல காரியந்தான். மறுக்கவில்லை. இதயத் தசைக்கான ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருந்தால் இதயம் பலவீனப்படும் ஆபத்து கூடும் என்று 2009இல் கண்டார்கள். இந்தக் குறை நம் துணைக்கண்டத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேருக்கு உண்டு. வெள்ளைக்காரர் இரத்தத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது தெரிந்திருக்குமா? ஆகவே நம் இரத்தமும் ஆராயப்பட வேண்டும். 2020இல் இந்திய அரசு தொடங்கிய ஜீனோம் இந்தியா திட்டம் 83 மக்கட்குழுக்களிலிருந்து சுமார் 10,000 பேரின் மரபணுத் தொகுதியைப் படித்தது. 2025 ஜனவரியில் அந்தத் தரவு ஆராய்ச்சியாளர்களுக்குத் திறக்கப்பட்டது. வரவேற்போம்.

ஆனால் தோழர்களே, இந்தக் கணக்கில் நாம் எங்கே?

பிரிட்டனைப் பாருங்கள். 2006 முதல் 2010 வரை 90 லட்சத்துக்கும் மேற்பட்டோரை அழைத்தார்கள். நூற்றுக்கு ஐந்தாறு பேர்தான் வந்தார்கள். சேர்ந்தவர்கள் 5 லட்சம். வந்தவர்கள் நாட்டின் சராசரி மனிதனைவிட வசதியானவர்கள், ஆரோக்கியமானவர்கள். ஏழைப் பேட்டைகளிலிருந்து வந்தவர் குறைவு. எல்லோருக்கும் அரசு மருத்துவமும் பதிவேடும் உள்ள நாட்டிலேயே இந்தக் கதி!

இங்கே? குழுவைத் தேடி இரத்தம் எடுக்கிறார்கள். பதினைந்து வயதில் ஊரைவிட்டு வந்து தாராவித் தோல் பட்டறையில் பசை நெடியிலும், கட்டடத்தில் சிமெண்ட் தூசியிலும் இருபது வருடம் கழித்தவனின் இரத்தம் ஊரில் உள்ள தம்பியின் இரத்தம் போன்றதே. நுரையீரல் அப்படியா? மரபணு பாதிக் கணக்கு; செய்த வேலை மீதிக் கணக்கு. அந்த மீதியை எழுதாமல் துல்லியம் எப்படி வரும்?

குளிர்பெட்டியைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். இரத்தம் கொடுத்தவனைப் பத்து ஆண்டு கழித்தும் தேடிப் பிடிப்பதே உயிரி வங்கியின் மெய்யான வேலை. நமக்கோ வாடகை வீடு மாறும், போன் நம்பர் மாறும். சீட்டு ஒன்று மும்பை ஆஸ்பத்திரியில், இன்னொன்று திருநெல்வேலி ஆஸ்பத்திரியில். ‘தொடர்பு அற்றவர்’ என்று ஒரு கோடு போட்டால் தீர்ந்தது. நம் நோயும் கணக்கில் இல்லை. சாவும் கணக்கில் இல்லை. அந்தக் கணக்கில் பிறக்கும் மருந்து யாருக்குப் பொருந்தும்? நிலையான முகவரி உள்ளவனுக்கு!

ஏமாறவும் கூடாது. அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவாசுபாய் பழங்குடியினர் 1990 முதல் சர்க்கரை நோய் ஆராய்ச்சி என்று நம்பி மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு இரத்தம் கொடுத்தார்கள். அது அவர்களுக்குத் தெரியாமல் மனநோய் ஆராய்ச்சிக்கும், அவர்கள் எங்கிருந்து வந்த இனம் என்ற ஆராய்ச்சிக்கும் போனது. வழக்காடினார்கள். 2010இல் 7 லட்சம் டாலரும் மிச்சமிருந்த இரத்தமும் திரும்பின.

கொடுத்த இரத்தமும் அதன் தரவும் கொடுத்தவருக்கே உரியவை, திரும்பப் பெறலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 2017 நெறிமுறை சொல்கிறது. ஆனால் புரியாத மொழியில் உள்ள தாளில் கைநாட்டு வைப்பவனுக்கு அந்த உரிமை எப்படித் தெரியும்?

ஆகவே நாம் கேட்பது இவை: ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாசித்து விளக்கு. செய்த வேலையையும் பெயர்ந்த ஊர்களையும் எழுது. இரண்டு ஊர் ஆஸ்பத்திரிச் சீட்டையும் இணை. எந்தக் கம்பெனி தரவை வாங்குகிறது என்று சொல். பிறக்கும் மருந்தையும் சோதனையையும் அரசு ஆஸ்பத்திரியில் கொடு.

இரத்தம் கேட்டு நம் சாளுக்கு வருவார்கள். விரட்ட வேண்டாம். உட்காரவைத்து இந்த ஐந்தையும் கேளுங்கள். பதில் வந்த பிறகு கையை நீட்டுங்கள்.