சில்லின் பெயரும் அதன் அக்கம்பக்கமும்

முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்து 2022-இல் திருப்பதி மாவட்டத்திற்குள் வந்த ஸ்ரீசிட்டியிலும், ரேணிகுண்டாவை ஒட்டிய மின்னணுத் தொழிற்பகுதியிலும் பலகைகள் முழுமை பெற்றுச் சாதனங்களாக வெளியேறுகின்றன. அத்தகைய சாதனங்கள் பழுதடைந்தபின் சேருமிடம் கடைத்தெருவின் பழுதுபார்க்கும் மேசை. அங்கே முதற்கேள்வி: கருகிக் கிடக்கும் இந்தச் சில்லு எது?

மேலுள்ள குறியைப் படித்தால் விடை கிடைத்துவிடும் என்பது எளிய நம்பிக்கை. மூன்று கால் கொண்ட சிறு டிரான்சிஸ்டரின் முதுகில் முழுப்பெயருக்கு இடமில்லை. ‘1ஏ’ என்ற குறி பிசி846ஏ-க்கும் உண்டு, எம்எம்பிடி3904-க்கும் உண்டு. முன்னது 65 வோல்ட் தாங்கும்; பின்னது 40 தான். ஐம்பது வோல்ட் பாயும் தடத்தில் பின்னதைப் பொருத்தினால் மறுபடியும் புகைதான். மொழியியலார் இதைப் பலபொருள் ஒருசொல் என்பர். சொல்லுக்குப் போலவே சில்லுக்கும் சூழலே பொருளை முடிவுசெய்கிறது. அருகில் படிகம் இருந்தால் அது பெரும்பாலும் நுண்கட்டுப்படுத்தி. பருத்த மின்தூண்டி இருந்தால் மின்னழுத்த மாற்றி. எந்தக் கால் தரைத்தடத்தைத் தொடுகிறது என்பதை மல்டிமீட்டரின் ஒலி சொல்லிவிடும்.

திருமலைக் கோயில் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. தேவஸ்தானம் அவற்றை 1931 முதல் தொகுதிகளாக வெளியிட்டது. கல்வெட்டைப் பதிப்பிப்போர் சிதைந்த எழுத்தை முன்பின் சொற்களைக் கொண்டு மீட்டு, ஊகம் என்பது தெரியும்படி சதுர அடைப்பில் இடுவது வழக்கம். பழுதுபார்ப்பவரின் வாசிப்பும் அத்தகையதே. ஆனால் அவருக்கு அடைப்புக்குறி இல்லை. மின்னிணைப்புக் கொடுத்த கணத்தில் ஊகம் சோதிக்கப்பட்டுவிடும், அதுவும் வாடிக்கையாளரின் செலவில்.

கல்லைச் சிதைத்தது காலம். சில்லின் குறியையோ சில உற்பத்தியாளர்கள் வேண்டுமென்றே தேய்த்து அழிக்கின்றனர். போலிகளைத் தடுக்கவே என்பது அவர்கள் கூற்று. இது ஏற்கத்தக்கதன்று. நகலெடுக்க முனையும் நிறுவனம் அமிலத்தால் உறையைக் கரைத்தேனும் உள்ளே பார்த்துவிடும். அந்த வசதியற்ற மேசைக்காரர் மட்டுமே தோற்கிறார். பழுதுநீக்கும் உரிமைக்காக ஒன்றிய அரசு 2022 ஜூலையில் குழு அமைத்தது. கைப்பேசியும் மின்னணுச் சாதனங்களும் அதன் வரம்பில் உள்ளன. பயன்படுத்தும் முறையை மட்டும் சொல்லும் கையேட்டால் இந்த உரிமை நிறைவேறாது. ஒவ்வொரு சில்லின் பெயரும் கால்வரிசையும் அதில் இடம்பெற வேண்டும்.

பல்கலைக்கழகங்களுக்கும் இதில் பங்குண்டு. தரவுத்தாள் கையிலிருக்கும் சில்லோடு மட்டும் பழகியவர் அது இல்லாத பலகைமுன் திகைப்பார். திருப்பதி ஆய்வகங்களின் செய்முறைத் தேர்வில், குறி தேய்ந்த பழைய பலகை ஒன்றையும் மாணவர்முன் வைக்கலாம். கண்டறிந்த பெயரோடு, அதற்கு வந்த வழியையும் எழுதச் சொல்லலாம்.